கஞ்சித் தொட்டியிலிருந்து கேள்வித்தாள் வரை: இல்லத்துப் பிள்ளைகள் அளக்கப்பட்ட வரலாறு

1

2020 ஜூன் மாதம் இராயபுரத்திலுள்ள அரசு குழந்தைகள் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரியவந்தது. தொற்றுக் காலத்தில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் நிலை குறித்து உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஏப்ரல் 3 அன்றே தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்திருந்தது. அந்த வழக்கில் ஜூன் 11 அன்று, இராயபுரத்துக்கு என்ன பதில் என்று தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. கூடவே, மாநிலங்கள் நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு கேள்வித்தாளும் வந்தது.

35 என்கிற எண் சில நாள் செய்தியாக இருந்தது. பிறகு ஊரெல்லாம் தொற்று, யாருக்கு யார் கணக்கு? ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தொற்று வராமலிருந்திருந்தால் அந்தச் சிறுவர்கள் 'நலமாக' இருந்தார்கள் என்று நாம் சொல்லியிருப்போமா? எதை வைத்துச் சொல்லியிருப்போம்?

இராயபுரத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் புளியந்தோப்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் 'இல்லம்' என்கிற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "புள்ளைய ஆஸ்டல்ல போட்டுக்கீறேன்" என்பார்கள். ஆடுதொட்டியில் வேலை செய்யும் புருஷன் செத்துப்போயிருப்பான், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பான். காலை ஐந்து மணிக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பும் பெண், எட்டு வயசுப் பையனை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? ஆஸ்டலில் சோறு உண்டு, இஸ்கூல் உண்டு, கதவு உண்டு. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அவளைப் பொறுத்தவரை அது ஏழைகளின் விடுதிப் பள்ளி. சட்டத்தின் மொழியிலோ அதே பையன் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' ஆகிவிடுகிறான்.

இது புளியந்தோப்பின் தனிக்கதையல்ல. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாடு முழுதும் 9,589 இல்லங்கள், 3,77,649 பிள்ளைகள். இவர்களில் அனாதைகள் என்று பதிவானவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர்தான். ஒற்றைப் பெற்றோரின் பிள்ளைகள் 1 லட்சத்து 20 ஆயிரம். 'அனாதை இல்லம்' என்று நாம் கூசாமல் சொல்லும் சொல்லுக்குள் உயிரோடிருக்கும் எத்தனை அம்மாக்கள் மறைந்துபோகிறார்கள்!

வீட்டுக்கு வெளியே வளரும் பிள்ளையை அளப்பதற்கு இந்த ஊரில் 240 வருட வரலாறு இருக்கிறது. கஞ்சி, தராசு, பல், சதுர அடி, கேள்வித்தாள் என்று அளவுகோல்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு அளவுகோலும் அளக்கிறவருக்கு எது தேவையோ அதைத்தான் சொன்னது. இதைச் சொல்லிவிட்டு, 'ஆகவே அளவிடுதல் என்பதே அதிகாரத்தின் செயல்பாடு' என்று ஃபூக்கோவைத் துணைக்கழைத்து முடித்துவிடுவது நம் போன்றவர்களுக்கு எளிது. அப்படி முடித்தால் இல்லத்துக்குள் அடிவாங்குகிற பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1781-82 பஞ்சத்தின்போது அந்தப் பக்கத்தில் தொடங்கிய கஞ்சி வார்க்கும் இடம்தான் மணியக்காரர் சத்திரம். ஆங்கில ஆவணங்களில் அது 'மோனிகர் சௌல்ட்ரி' ஆனது. பிறகு அதை ஒட்டி நோயாளிகளுக்கான இடம் வந்தது, மருத்துவமனை வந்தது, 1938இல் மருத்துவக் கல்லூரி வந்தது. வடசென்னையின் மிகப்பெரிய பொதுநிறுவனம் ஒரு கஞ்சித் தொட்டியிலிருந்து பிறந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கே அளவுகோல் மிக எளிது: வயிறு. கஞ்சி வாங்க வந்து நின்றவர் பசித்தவர். அவரைப் பற்றி வேறெதுவும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. பிள்ளை, கிழவர், நோயாளி என்கிற பாகுபாடுகூட அந்த வரிசையில் பின்னால் வந்ததுதான்.

அந்தச் சத்திரம் தொடங்கிய ஏழு வருடத்தில், 1789இல், எழும்பூரில் இன்னொரு நிறுவனம் தோன்றியது: ஆண்பிள்ளைகளுக்கான மதராஸ் அனாதை விடுதி. கும்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள்தான் அங்கே பெரும்பாலும் இருந்தவர்கள். அவர்களிலும் எல்லோரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் அல்லர். தாயிடமிருந்து பிரித்து வளர்த்தால்தான் பிள்ளை கும்பெனிக்கு உதவுவான் என்கிற எண்ணம் அந்த விடுதியின் அஸ்திவாரத்திலேயே இருந்தது.

விடுதியின் மேற்பார்வையாளராக 1789 முதல் 1796 வரை இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதை விடுதிக்குள் கொண்டுவந்தார். வாத்தியார்கள் ஒத்துழைக்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். பையனைப் பையனே நடத்தும் இந்த முறை 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை மூலம் 'மதராஸ் முறை' என்று உலகத்துக்குப் போனது. செலவு குறைவு என்பது அதன் பெரிய கவர்ச்சி. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் இதை ஏற்றுக்கொண்டன. சேரிப் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கான ஒரு தொழில்நுட்பம் இங்கிருந்து அங்கே ஏற்றுமதியானது என்பது நம் காலனிய வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

பெல்லின் ஏற்பாட்டில் ஒரு கறுப்புப் புத்தகம் உண்டு. வாரம் முழுதும் நடந்த தவறுகள் அதில் பதிவாகும். வாரக் கடைசியில் அது எல்லோர் முன்பும் வாசிக்கப்படும். தண்டனை என்ன என்பதை முடிவு செய்யப் பையன்களிலேயே ஒரு குழு இருக்கும். கஞ்சித் தொட்டியின் வரிசையில் நின்றவனுக்கு வயிறு மட்டுமே இருந்தது. எழும்பூரில் அவனுக்கு ஒரு நடத்தை வந்துவிட்டது. நடத்தைக்கு ஒரு பதிவேடு வந்துவிட்டது. பரஸ்பரப் போதனை முறையில் இயங்கிய பள்ளிக்கூடத்தை ஃபூக்கோ ஒழுங்குபடுத்தும் அதிகாரத்துக்கு உதாரணமாகக் காட்டும்போது அதன் வேர்களில் ஒன்று எழும்பூரில் இருந்தது என்பதை நம்மவர்கள் அதிகம் பேசியதில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழுவில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் குற்றவாளி என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. விடுதி எப்படியிருக்கிறது, பெல் எப்படி நடத்துகிறார் என்று எழுதும் புத்தகம்தான் அங்கே இல்லை. ஒருவரையொருவர் கண்காணிக்கலாம், மேலே பார்க்கக் கூடாது. இன்றைக்கு இல்லங்களில் 'குழந்தைகள் குழு' என்று விதிகள் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் பெல்லின் இந்த ஏற்பாடு ஞாபகம் வருகிறது.

3

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அளவுகோல் தராசுக்கு வந்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செலவைக் குறைப்பது அவர் வேலை. நிவாரணப் பணியில் உழைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியம் போதும் என்றார். இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து வாதிட்டார். மே மாதம் அளவு கூட்டப்பட்டது.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் எண்கள்தான் பேசின. ஆனால் ஒரு பக்கத்து எண் கருவூலத்தைப் பார்த்தது, இன்னொரு பக்கத்து எண் உடம்பைப் பார்த்தது. 'எண் என்றாலே அதிகாரம்' என்கிற நம் பாடத்துக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கார்னிஷிடம் எண்கள் இல்லாமலிருந்தால் டெம்பிளின் 1 பவுண்டே நின்றிருக்கும். அளவு யார் கையில் இருக்கிறது, அது யாரைக் காப்பாற்றப் பயன்படுகிறது என்பது தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

பஞ்சம் ஓய்ந்த கையோடு பெரம்பூர்ப் பக்கம் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் எழுந்தன. 1881ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. 1891இல் இது ஒன்பதிலிருந்து பதினாலு வயது, ஏழு மணி நேரம் என்று மாறியது. 1922இல் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயது, ஆறு மணி நேரம். பாதி நேர வேலைக்காரப் பிள்ளைகள் என்று ஒரு இனமே உருவானது. மில்லே அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியது.

இதற்கு வயது தெரிய வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத குடிசைப் பிள்ளைக்கு எப்படி வயது சொல்வது? சான்றளிக்கும் மருத்துவர் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள். பிள்ளைக்கு எத்தனை வயது என்பதை அவன் அம்மா சொன்னால் செல்லாது, பல் சொன்னால் செல்லும். இது போன நூற்றாண்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி, பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இல்லாத பிள்ளையின் வயதை எலும்பைப் படம் பிடித்துத்தான் முடிவு செய்கிறார்கள். பல் போய் எலும்பு வந்திருக்கிறது. அந்த முடிவைப் பொறுத்துத்தான் அவன் போவது இல்லமா, சிறையா என்பது.

4

1920இல் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. குற்றம் செய்த பிள்ளையைப் பெரியவர்களுடைய சிறையில் அடைக்கக் கூடாது என்பது இதன் நல்ல பக்கம். அதற்கு முன்பே 1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி வந்திருந்தது. ஆனால் 1920 சட்டம் குற்றம் செய்த பிள்ளையோடு, குற்றமே செய்யாத பிள்ளையையும் தன் வலைக்குள் கொண்டுவந்தது. பிச்சையெடுப்பவன், வீடில்லாதவன், பெற்றவர்கள் குடிகாரர்களாகவோ குற்றவாளிகளாகவோ உள்ளவன். இங்கிலாந்தின் 1908 சட்டத்தின் சொற்கள் இங்கே குடியேறின.

இதுவரை பிள்ளையின் வயிற்றையும் உடம்பையும் பார்த்துக்கொண்டிருந்த அளவுகோல் இங்கே ஒரு புதிய பொருளைக் கண்டுபிடித்தது: வீடு. பிள்ளை நன்றாக இல்லையென்றால் அது வீட்டின் தவறு. வீட்டின் தவறு என்றால் அப்பனுடைய குடி, அம்மாவின் ஒழுக்கம். பிரான்சில் ஏழைக் குடும்பம் எப்படிக் கண்காணிப்புக்குள் கொண்டுவரப்பட்டது என்பதை ஷாக் டோன்ஸலோ 1977இல் விரிவாக எழுதினார். நமக்கு அந்த வரலாறு சட்டப் புத்தகத்திலேயே கிடைக்கிறது.

சட்டம் வந்த மறுவருடம், 1921இல், பின்னி ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம். மாதக் கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் வேலைக்குத் திரும்பியதும் போராட்டம் சாதிக் கலவரமாக உருமாறியதும் நமக்குத் தெரிந்த கதை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்தச் சம்பவத்தை ஆலை முதலாளியின் சூழ்ச்சியாகவும் சாதி இந்துத் தொழிலாளியின் வன்முறையாகவும் நீதிக்கட்சி, காங்கிரஸ் அரசியலாகவும் பலவிதமாக வாசித்திருக்கிறோம். எல்லாமே தேவையான வாசிப்புகள்தான்.

இப்போது வேறொரு கோணத்திலிருந்து பார்க்கலாம். எரிந்த குடிசையிலிருந்து வெளியே வந்த ஒரு எட்டு வயதுப் பிள்ளை 1920 சட்டத்தின் கண்ணுக்கு எப்படித் தெரிவாள்? வீடில்லாதவள். தெருவில் திரிபவள். ஏன் வீடில்லை என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அப்பனின் குடியைப் பார்க்கக் கண் வைத்திருந்த சட்டம், தீ வைத்தவனையும் கதவடைப்புச் செய்தவனையும் பிள்ளையின் நலத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தக் குருட்டுத்தனம் அன்றோடு ஒழிந்துவிடவில்லை. 1996இல் ஆலை மூடப்பட்டது. 2000க்குப் பிறகு நகரத்துக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வேலையிழந்த அப்பன், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் அம்மா, பள்ளிக்கூடம் விட்டுப்போன பிள்ளை. இந்த வரிசையின் கடைசி ஆளைப் பிடித்து 'இவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை' என்று கோப்பில் எழுதினால் அது பொய்யல்ல. ஆனால் கோப்பு கடைசி வரியிலிருந்து தொடங்குகிறது.

5

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அளவுகோல் மனசுக்கு வந்தது. 1945இல் ரெனே ஸ்பிட்ஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் கைவிடப்பட்ட சிசுக்களின் இல்லமொன்றைப் பற்றி எழுதினார். சுத்தமும் உணவும் குறையில்லாத இடம். ஆனாலும் குழந்தைகள் வாடின, பல செத்தன. தூக்கிக் கொஞ்ச ஆளில்லாததுதான் காரணம் என்றார். 1951இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயின் அணைப்பு உணவைப் போலவே அத்தியாவசியம் என்று வாதிட்டது. கஞ்சித் தொட்டிக்கும் தராசுக்கும் தெரியாத ஒரு பசி இருக்கிறது என்பதை இவர்கள் அளந்து காட்டினார்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

2000இல் ருமேனியாவின் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வு இதை இன்னும் கறாராகச் செய்தது. இல்லத்திலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. எத்தனை சின்ன வயதில் போனார்களோ அத்தனை நல்லது. இல்லம் கூடாது என்று உலகெங்கும் பேசுகிறவர்களுக்கு இது பெரிய ஆயுதமானது.

ஆனால் 2009இல் வெளியான இன்னொரு ஆய்வும் இருக்கிறது. கம்போடியா, எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகள். இந்தியாவில் ஹைதராபாத்தும் நாகாலாந்தும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டு இல்லத்தில் இருப்பவர்களையும் ஊரில் உறவினரிடம் இருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். உடல்நலத்திலும் அறிவு வளர்ச்சியிலும் மன நலத்திலும் இல்லத்துப் பிள்ளைகள் மோசமாக இல்லை. இல்லத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட, ஓர் இல்லத்துக்கும் இன்னோர் இல்லத்துக்கும், ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிது.

இரண்டில் எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று சிசுக்களைப் பற்றியது, மற்றது பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ஒன்றில் வீடு என்பது சம்பளம் தந்து, பயிற்சி தந்து உருவாக்கிய வளர்ப்புக் குடும்பம். மற்றதில் வீடு என்பது ஏற்கனவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிழைக்கும் பாட்டியின் வீடு, சித்தியின் வீடு. 'இல்லமா, வீடா' என்கிற இருமை எதிர்வு நம் ஊர் நிலைமையில் உடைந்துபோகிறது. புளியந்தோப்பு அம்மாவுக்கு இது முன்பே தெரியும். அவள் ஆஸ்டலை வீட்டின் எதிரியாகப் பார்க்கவில்லை, வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியாகப் பார்த்தாள்.

6

நம் ஊரில் விசாரணையில் இருக்கும் சிறுவர்களை வைக்கும் இடத்துக்குக் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'அப்சர்வேஷன் ஹோம்'. மொழிபெயர்த்தவர் யாரோ, ஒரு வார்த்தையில் ஃபூக்கோவின் புத்தகத்தையே எழுதிவிட்டார். கூர்ந்து நோக்கும் கண் எதைப் பார்க்கிறது?

2016 மாதிரி விதிகளைத் திறந்தால் சதுர அடி தெரிகிறது. 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடியில் ஒரு படுக்கை அறை. ஆளுக்கு 40. ஐம்பது பிள்ளைகளுக்கு 5 குளியலறை, 8 கழிப்பறை. நாளொன்றுக்குத் தானியம் 600 கிராம், பருப்பு 120 கிராம், எண்ணெய் 25 கிராம். டெம்பிளின் 1 பவுண்டோடு ஒப்பிட்டால் இது நாம் அடைந்திருக்கும் தூரம். இதைக் கேலி செய்ய மாட்டேன். எட்டுக் கழிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் இருந்தால் எண்ணித்தான் சண்டை போட முடியும். மாமல்லபுரம் பகுதி அனாதை விடுதிகளில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானது பற்றிய 2007ஆம் ஆண்டுச் செய்தியிலிருந்து பிறந்த வழக்கில், 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா இல்லங்களையும் பதிவு செய், சமூகத் தணிக்கை செய், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுது என்று உத்தரவிட்டது. கதவு மூடிய இடத்தைத் திறக்க இப்படிப்பட்ட எண்களும் படிவங்களும் தேவைதான்.

ஆனால் சதுர அடிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 1887இல் சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கிய செங்கல்பட்டு நிறுவனம் இப்போது அரசினர் சிறப்பு இல்லம். பேட்டரி திருடியதாகப் பிடிபட்டு அங்கே கொண்டுபோகப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டே நாளில், 2022 டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். அடித்ததால் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, 2023 ஜனவரியில் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. அவர் அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை கொடுத்தார். 136 வருடம் கண்காணிப்புக்கென்றே கட்டப்பட்ட ஒரு நிறுவனத்துக்குள், தன்னை அடிக்கிறார்கள் என்று ஒரு பையன் சொல்லக்கூடிய, உடனே கேட்கப்படக்கூடிய ஒரு காது இல்லை. பெல்லின் புத்தகத்தில் மேலே பார்க்கும் பக்கம் இல்லை என்று சொன்னேனே, அதுதான் இது.

இதற்குப் பதிலாக இப்போது கேள்வித்தாள்கள் வந்திருக்கின்றன. 1997இல் ராபர்ட் குட்மன் உருவாக்கிய 25 கேள்விப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயம் உண்மை என்று மூன்று கட்டம், 0, 1, 2 என்று மதிப்பெண். யூனிசெஃப் 2009இல் இல்லத்துப் பிள்ளைகளுக்காக 15 குறியீடுகள் கொண்ட கையேடு வெளியிட்டது. இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளிடமே போய், 'உங்களுக்கு எது முக்கியம்?' என்று கேட்டு ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜூலி செல்வினும் கோரம் வாய்ஸ் அமைப்பும் சேர்ந்து செய்த வேலை. அதில் வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று யாராவது உனக்கு விளக்கினார்களா? உனக்கு நல்ல சிநேகிதன் இருக்கிறானா? நீ அரசுப் பராமரிப்பில் இருப்பதை வைத்துப் பெரியவர்கள் உன்னைக் கூச வைக்கிறார்களா? எந்த அதிகாரிக்கும் தோன்றாத கேள்விகள் இவை. பெரியவர்கள் மனசை அளக்கப்போனால் கோளாறைத் தேடுகிறார்கள். பிள்ளைகள் நடத்தப்படும் விதத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

நம்மிடமும் இதற்கு ஒரு வாசல் இல்லாமலில்லை. விதிகளோடு இணைந்த 7ஆம் படிவத்தில், தனிநபர் பராமரிப்புத் திட்ட அட்டவணையின் முதல் வரியே பிள்ளையின் எதிர்பார்ப்பு என்ன என்பதுதான். அந்தக் கட்டத்தை நிரப்புவது யார் கை? எந்த அறையில், யார் கூட நிற்கும்போது? எங்கள் பக்கத்தில் "நல்லா கீறியா?" என்று கேட்டால் "கீறேன்" என்று பதில் வரும். அந்த 'நல்லா' விழுந்துவிட்டதைக் கேட்கிறவன் கவனிக்க வேண்டும். "ஏதோ கீறேன்" என்றால் அது வேறு. வார்டன் பக்கத்தில் நிற்கும்போது "நல்லா கீறேன் சார்" என்று வந்தால் அது முற்றிலும் வேறு. 0, 1, 2 என்று மூன்று கட்டத்துக்குள் இந்த வித்தியாசம் அடங்காது. மொழி தெரிந்தவர், அந்தப் பையன் திரும்ப அடிவாங்காமல் பார்த்துக்கொள்ளக்கூடியவர் கேட்க வேண்டும்.

7

இராயபுரத்துக்கு வருவோம். கொரோனா வந்தபோது நாட்டின் இல்லங்களில் 2 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 1 லட்சத்து 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். 2020 செப்டம்பரில் குழந்தை உரிமைகளுக்கான தேசிய ஆணையம், தமிழகம் உட்பட எட்டு மாநிலங்களை, பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலையை 100 நாளில் முடிக்கச் சொன்னது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி வீடு போன பிள்ளைகளின் படிப்புக்கு, குடும்பத்தின் நிலையைப் பார்த்து மாதம் 2,000 ரூபாய் கொடு என்றது.

இதை எப்படி வாசிப்பது? சில மாதத்தில் வீடு திரும்ப முடிந்த பிள்ளைகள் இத்தனை வருடம் ஏன் இல்லத்தில் இருந்தார்கள்? மாதம் 2,000 ரூபாய் முன்பே அந்த அம்மாவின் கைக்கு வந்திருந்தால் எத்தனை பேர் ஆஸ்டலுக்கே போயிருக்க மாட்டார்கள்? இது ஒரு பக்கம். போன வீட்டில் அந்தப் பிள்ளை நலமாக இருக்கிறாளா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? ஊரடங்கில் வேலையில்லாத அப்பன் இருக்கும் பத்துக்குப் பத்து அறையில், செல்போன் இல்லாமல் படிப்பு நின்ற பிள்ளைக்கு எந்தக் கேள்வித்தாள் போனது? இது இன்னொரு பக்கம். இல்லத்தில் இருந்தவரை ஆளுக்கு 40 சதுர அடி என்று அளந்த அரசு, வாசலைத் தாண்டியதும் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டது. 'குடும்பம்' என்று சொன்னாலே நலம் என்று அர்த்தம் ஆகிவிட்டது.

புளியந்தோப்பில் இந்த 'வீடு' எப்படிப்பட்டது என்பதற்கு 2021 ஆகஸ்டில் ஒரு நிரூபணம் கிடைத்தது. கே.பி. பூங்காவில் கட்டிக்கொடுத்த புது அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்ந்தது. ஐ.ஐ.டி.யிலிருந்து ஆள் வந்து கட்டடத்தின் தரத்தைச் சோதித்தார்கள். சோதிக்க வேண்டியதுதான். அந்தச் சுவருக்குள் வளரும் பிள்ளைகளையும், அந்தச் சுவரை நம்பி ஆஸ்டலிலிருந்து திரும்பி வருகிற பிள்ளைகளையும் பற்றிய சோதனை அதே கோப்பில் சேர வேண்டியது என்று நமக்குத் தோன்றவில்லை.

அளவுகோலே வேண்டாம் என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை. கணக்கு இல்லாத காலத்தில் பிள்ளைகள் கணக்கில்லாமல் செத்தார்கள். அளக்கும் திசையைத்தான் மாற்ற வேண்டும். இல்லங்களோடு தொடர்புள்ள நண்பர்கள், குழந்தைகள் நலக் குழுவில் இருப்பவர்கள், சமூகத் தணிக்கைக்குப் போகிறவர்கள் ஆகியோரிடம் முன்வைக்கச் சில கேள்விகள் உண்டு.

தான் ஏன் இங்கே இருக்கிறோம், எதுவரை இருப்போம் என்று பிள்ளைக்குத் தெரியுமா? கடைசியாக அம்மா எப்போது வந்தாள், வந்தபோது உட்கார இடமும் பேச நேரமும் இருந்ததா, வந்துபோக அவளுக்கு எவ்வளவு பஸ் செலவு, எத்தனை நாள் கூலி? அண்ணன் தங்கையை வேறு வேறு இல்லத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார்களா? வார்டனுக்குக் கீழ்ப்படியாத ஒரு ஆளிடம் பிள்ளை தனியாகப் பேச முடிகிறதா, பேசிய பிறகு என்ன ஆனது என்று அவனுக்குத் திரும்பச் சொல்லப்பட்டதா? பதினெட்டு வயது முடிந்த மறுநாள் அவன் எங்கே படுக்கிறான்? வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையை ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் யார் போய்ப் பார்த்தார்கள்? அந்தக் குடும்பத்துக்குப் பணமும் வேலையும் வீடும் தரப் பொறுப்பானவர் பெயர் படிவத்தில் எங்காவது இருக்கிறதா?

கடைசிக் கேள்வி எளிமையானது. அவனைப் பற்றி எழுதிய 7ஆம் படிவத்தின் ஒரு பிரதி அவன் கையில் இருக்கிறதா? அதை வாசித்து, 'இது தப்பு, நான் இப்டி சொல்லல' என்று அடித்துத் திருத்த அவனுக்கு ஒரு பேனா தந்தார்களா? பெல்லின் கறுப்புப் புத்தகத்திலிருந்து இன்றைய கணினிப் பதிவு வரை பிள்ளையைப் பற்றி எழுதியதெல்லாம் பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த தணிக்கைக்குப் போகிறவர்கள் குளியலறையை எண்ணி முடித்த பிறகு இதையும் கேட்டுவிட்டு வரட்டும்.